உமையொருபாகம் சாகாத கோடைகள்

நல்லூரணியில் ஒரு காலத்தில் ஒருவர் சாகாமல் இருந்தார். உமையொருபாகம் என்பது அவர் பெயர். ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குழந்தைகளுக்குக் கதையும் பாட்டும் எழுதியவர். அவர் முதல் தடவையாகச் சாகாமல் போன சித்திரையில், வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது, பச்சை மூங்கில் வந்து இறங்கிவிட்டது, பம்பாயிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டு வேப்பமர நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சேவியர் தினமும் வந்து நாடி பிடித்து, இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். மூச்சு மட்டும் தொண்டைக்குழியில் ஒரு பல்லியைப்போல ஒட்டிக்கொண்டு கிடந்தது.

இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிருக்குச் செய்வதையெல்லாம் ஊர் செய்தது. மண்ணாசையாக இருக்கும் என்று அவர் பிறந்த வீட்டுப் புறவாசல் மண்ணை எடுத்துவந்து தண்ணீரில் கரைத்து உதட்டில் விட்டார்கள். பொன்னாசையாக இருக்கும் என்று அவர் மகள் வடிவின் மூக்குத்தியைக் கழற்றிக் கல்லில் உரைத்துப் புகட்டினார்கள். எந்த முகத்துக்காகக் காத்துக் கிடக்கிறாரோ என்று, அவரோடு சண்டை போட்டவர்கள் உட்பட எல்லோரும் வரிசையில் வந்து ஆளுக்கொரு துளி பால் ஊற்றினார்கள். பால் கடைவாய் வழியே வழிந்தது. கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த காலையில், முக்கு திரும்பினால் இருக்கிற ஆரம்பப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் பாடுகிற சத்தம் பந்தல் கீற்றைத் தாண்டி வந்தது. அது அவர் எழுதிய பாட்டு.

தவளை யாரே தவளை யாரே
தண்ணிக் குள்ளே குடை எதற்கு?
நனைந்து வந்த நாலு பேர்க்கு
நானும் கொஞ்சம் இடம் கொடுக்க.

உமையொருபாகம் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். கொடுத்த காப்பியில் சர்க்கரை தூக்கல் என்றார். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை முடித்துவிட்டு, அன்றைக்கு மாலை வண்டிக்கே ஊர் திரும்பினார்கள்.

அடுத்த கோடையிலும் அப்படியே நடந்தது, அதற்கடுத்த கோடையிலும். பள்ளிக்கூடம் மூடினால் அவர் சாயத் தொடங்குவார், திறந்தால் எழுந்து உட்காருவார். பிள்ளைகள் படிக்கிறவரை அவருக்குச் சாவில்லை என்பது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. யார் முதலில் சொன்னது என்று கேட்டால் ஒவ்வொருவரும் நான்தான் என்பார்கள். மழை எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரிந்து வைத்திருப்பதுபோல அதையும் தெரிந்து வைத்துக்கொண்டார்கள். கத்திரி வெயிலில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதை விட்டார்கள், பாகம் சாரின் சாவு குறுக்கே வரும் என்று. பந்தல்காரர் வருஷா வருஷம் குழி தோண்டுவது வீண் வேலை என்று கம்புகளைப் பிடுங்காமலே விட்டுவைத்தார். அவற்றில் சில தழைத்து, ஒன்று முருங்கையாகிக் காய்த்தது, எதிர்வீட்டுக்காரி அதைப் பறித்துச் சாம்பார் வைத்தாள். சாவுக்கென்று வந்து கூடிய சொந்தத்துக்குள் பெண் பார்த்து, மாப்பிள்ளை பார்த்து, அவர் தலைமாட்டிலேயே வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். விஜயதசமிக்கு அக்கம்பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிவந்து, அவர் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் அ எழுத வைத்தார்கள். அந்த விரல் சுள்ளியைப்போல இருந்ததையும், சில பிள்ளைகள் அதைப் பார்த்துக் கத்தியதையும் யாரும் வெளியே சொல்லவில்லை.

அவர் எழுதிய விதம் இப்படி. இரண்டு ரயில்களுக்கு நடுவே இருக்கிற நேரத்தில், கருவாட்டு மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவே உட்கார்ந்து, பார்சலில் ஒட்டுகிற சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினார். ரயில் பார்க்க வரும் பிள்ளைகள் மூட்டைகளின்மேல் ஏறி உட்கார்ந்து, எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டால் அந்தச் சீட்டைக் கிழித்துப்போட்டு வேறு எழுதினார். அவர் கதைகளில் நல்லது செய்தவனுக்குப் பொற்காசு கிடைப்பதில்லை, பொய் சொன்னவனுக்கு மூக்கு அறுபடுவதில்லை, கடைசியில் யாரும் திருந்துவதில்லை, எதையும் கற்றுக்கொள்வதில்லை. தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கும், ஆனால் தொலைத்தவனுக்குப் பக்கத்தில் யாராவது ஒருத்தர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது. பெரியவர்களும், வேலை போனாலோ கரு கலைந்தாலோ பெட்டியைத் திறந்து அவருடைய சின்னப் புத்தகத்தை எடுத்து, அட்டைப்படத்தில் குடை பிடித்து நிற்கிற தவளையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள்.

உயிர் நின்றதே தவிர உடம்பு நிற்கவில்லை. உடம்பு தன் கணக்கில் வயதாகி, நூறைத் தாண்டி, கண் போய், பல் போய், தோல் வெங்காயச் சருகாகி, முதுகில் புண் வைத்து, புண்ணுக்குள் எலும்பு தெரிந்தது. எங்கேயோ ஒரு பிள்ளை அவருடைய ஒரு வரியைப் படித்தால், கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல அவர் மேலே இழுபட்டார். படித்து முடித்தால் கல்லில் மோதிக் கீழே இறங்கினார். ஆடி மாதத்தில் மாவட்டம் முழுக்க ஒப்புவித்தல் போட்டி நடக்கும்போது, கட்டிலோடு சேர்ந்து நாளெல்லாம் நடுங்கினார். பிறகு பாடப்புத்தகம் மாறியது, அவர் பாட்டு அதிலிருந்து போயிற்று, அவர் கதைகள் வந்த பத்திரிகை நின்றது, வெளியூர்ப் பிள்ளைகள் வேறு பாட்டுக்குப் போனார்கள். நல்லூரணிப் பிள்ளைகள் மட்டும் விடவில்லை. ஊருக்கு அவர்மேல் இருந்த பிரியமே அவரை அறுத்துக்கொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டது வடிவு. தாய் செத்தபோது பாவாடை கட்டியிருந்தவள், தொலைபேசி நிலையத்தில் வேலைக்குப் போய், ஓய்வும் பெற்று, முழங்கால் இரண்டும் போய், இப்போது அவளுக்கே ஒரு ஆள் வேண்டிய வயதில், தினமும் அவரைப் புரட்டிப் புண்ணைக் கழுவினாள். அவளோடு வேலை பார்த்த பிலோமினா, மணப்பாட்டில் கடலைப் பார்த்த ஒரு வீட்டில் தனியாக இருந்தாள். அதில் ஓர் அறையைச் சுண்ணாம்பு அடித்து வடிவுக்கென்று வைத்திருந்தாள். இந்தக் கோடை கழியட்டும் என்று வடிவு சொல்லிவிட்டு வருவாள், அடுத்த கோடையிலும் அதையே சொல்லுவாள். பிலோமினா சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடிப்பாள். ஒரு தைமாதம் வடிவு கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். டாக்டர் சேவியரின் மகன், அவனும் டாக்டர், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, அக்கா, இனிமே நீங்க யாரையும் தூக்கக் கூடாது என்றான். அவள் எழுந்து வந்து அப்பாவைத் தூக்கி உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தாள்.

அன்றைக்குத்தான் உமையொருபாகம் அதைச் சொன்னார். வாய் குழறவில்லை.

"வடிவு, போதும்ளா. என்னய விட்டுரச் சொல்லு."

ஊர் கல்யாண மண்டபத்தில் கூடிற்று. வெகுநேரம் பேசினார்கள். சாமி கொடுத்ததை நாம் எடுக்கலாமா என்றார் ஒருவர். சாமி கொடுத்ததில்லை, நம் பிள்ளைகள் கொடுத்தது என்றார் இன்னொருவர். பாகம் சார் போய்விட்டால் ஊருக்கு வேறு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டதற்கு, உனக்கு ஊர்ப் பெருமை வேணும்னா நீ போய் அவர் கட்டில்ல படு என்று முருங்கைக்காய் பறிக்கிற எதிர்வீட்டுக்காரி சொன்னாள். கடைசியில் வடிவு எழுந்து நின்றாள். கூட்டத்தின் முன்னால் நிற்க முடியாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அவளுக்காக ஒத்துக்கொண்டார்கள்.

ஒத்துக்கொண்டதை எப்படிக் காப்பது என்று வந்தபோது ஊருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முப்பிடாதி அம்மன் கோயிலில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் அது அவிழ்கிறவரை ஊரில் யாரும் எல்லை தாண்ட மாட்டார்கள், உரல் இடிக்க மாட்டார்கள், சட்டியில் எண்ணெய் காய வைக்க மாட்டார்கள். அதைப்போலப் பாட்டுக்கும் காப்புக் கட்டினார்கள். காப்பு என்பது அம்மன் வருவதற்குக் கட்டுவது, ஒரு மனுஷன் போவதற்குக் கட்டுவதில்லையே என்று பூசாரி தயங்கினார். பிறகு அவரும் மஞ்சள் நூலை முறுக்கினார். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் கட்டிக்கொண்டார்கள். பள்ளித் தலைமையாசிரியை ஜெசிந்தா டீச்சரும் ஜெபமாலை சுற்றிய கையை நீட்டினார். எந்தப் பிள்ளையும் அவர் எழுதியதைப் படிக்கவோ பாடவோ கூடாது, அவர் அடங்குகிறவரை.

புத்தகங்களை எடுத்து வந்து குவித்தார்கள். எரிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. எழுத்து பதிந்த தாளில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள், நெருப்பு வைப்பார்களா, கிணற்றில் போடுவார்களா? அதனால் அவற்றைக் கட்டி, சந்தைமுக்கில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் சுடலைமுத்துவிடம் கொடுத்துவிட்டு, கண்ணுக்கு மறைந்தது என்று திரும்பினார்கள்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்தபோது பாட்டு இல்லை. பிள்ளைகள் வரிசையில் நின்று வாயை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். சாயங்காலம் தெருவில் கயிறு தாண்டினார்கள். கயிறு தரையில் அடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாட்டில்லாமல் சோறு இறங்காத குழந்தைகள் இடுப்பில் இருந்தபடி அழுதன, தாய்மார் பாட்டு உதடுவரை வந்ததை விழுங்கிவிட்டு, உருட்டிய சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பந்தல்காலுக்குப் பக்கமாகப் போகிற பிள்ளைகள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காமல், பெரியவர்கள் ஆஸ்பத்திரியைக் கடந்து போவதுபோலப் போனார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து ஜெசிந்தா டீச்சரிடம் கேட்டது.

"டீச்சர், அப்ப நாங்கதான் அவரைக் கொல்லுதோமா?"

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி ஒரு கழித்தல் கணக்கு எழுதினார். அதைப் பாதியில் அழித்துவிட்டு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

உமையொருபாகம் இறங்கிக்கொண்டே போனார். கை கால் சில்லிட்டது, நகம் கறுத்தது. சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள், இந்தத் தடவை சீட்டுக்கட்டு கொண்டுவரவில்லை. ஆனால் சாவு வரவில்லை. தினமும் பிற்பகலில், வெயில் தாழ்கிற நேரத்தில், அவர் மூச்சு நூல்போல ஒன்று உள்ளே போகும், நிற்கும், வெகுநேரம் கழித்து அடுத்த மூச்சு வரும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் முகம், ஆணி பிடுங்குவதுபோலக் கோணிற்று. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் பெண்கள் வெளியே வந்தார்கள். எவளோ ஒருத்தி காப்பை மீறிவிட்டாள் என்று ஊருக்குள் பேச்சு வந்தது, பேச்சு சண்டையானது, அண்ணன் தம்பி வீடுகளுக்குள் சத்தியம் கேட்டார்கள். குற்றம் சொல்லப்பட்ட பிள்ளைகள் அடிவாங்கின. ஒருத்தரும் படிக்கவில்லை என்று அம்மன் முன்னால் சூடம் அணைத்தார்கள்.

பிறகு சுடலைமுத்து தானாகவே வடிவிடம் வந்தார். புத்தகக் கட்டு ஒன்று அவிழ்ந்து கிடந்ததென்றும், சந்தையன்று கடலை மடிக்கத் தாள் இல்லையென்று அதிலிருந்து எடுத்தேனென்றும், கிழிக்க மனசில்லாமல் ஒரு முழுப் புத்தகத்தின்மேலேயே கடலையைக் கொட்டி, கருவாட்டு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்கு வேலைக்குப் போகிற ஒருத்தி முந்தானையில் கொடுத்தேனென்றும் சொன்னார். அந்தக் குடும்பம், ஊர் காப்புக் கட்டிய பிறகு வந்து சேர்ந்தது. கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறது. அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

நானே போய் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றாள் வடிவு. கூட வருகிறேன் என்றவர்களை நிறுத்திவிட்டாள். தண்டவாளத்தை ஒட்டி, முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். அந்தப் புத்தகத்தை வாங்கிவிட்டால் இன்றைக்குள் அப்பா போய்விடுவார், பதினாறு கழிந்தால் மணப்பாடு, சன்னலைத் திறந்தால் கடல். வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

தகரக் கூரை போட்ட ஒற்றை அறை அது. கதவு வெளியே பூட்டியிருந்தது. பக்கத்தில் கம்பி வைத்த சன்னல். உள்ளே கயிற்றுக் கட்டிலில் ஒரு பெண்குழந்தை சன்னலை ஒட்டிப் படுத்திருந்தாள். காய்ச்சலில் விளங்காமல் போன கால்கள் இரண்டும் போர்வைக்குள் கிடந்தன. அவள் பெயர் முத்துப்பேச்சி. புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்து, ஓர் எழுத்தைச் சொல்லி, வெகுநேரம் யோசித்து, அடுத்த எழுத்தைச் சொன்னாள். அவள் ஓர் எழுத்துச் சொல்லும்போது அங்கே ஒரு மூச்சு போகிறது என்று வடிவுக்குத் தெரிந்தது.

"அம்மா சாயங்காலந்தான் வரும்" என்றாள் குழந்தை, திரும்பாமலே. "சாவி அம்மாட்ட இருக்கு."

"ஒன்னத்தான் பாக்க வந்தேன். பயமா இல்லையாட்டி, தனியா?"

"முன்னால இருந்துச்சு. இந்தத் தவளையும் கெணத்துக்குள்ள தனியாத்தான் இருக்கு." அவள் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். "ஒரு குடையைக் கண்டெடுக்குது. அதுக்குப் பொறவு எழுத்தெல்லாம் கஷ்டமா இருக்கு. ஆச்சி, நீங்க படிப்பீகளா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், கம்பிகளுக்கு நடுவே புத்தகத்தை நீட்டினாள். வடிவு வாங்கிக்கொண்டாள்.

புத்தகம் இப்போது வெளியே இருந்தது. குழந்தை உள்ளே இருந்தது. கதவு பூட்டியிருந்தது, குழந்தையால் எழுந்து நிற்கவும் முடியாது. இனி வடிவு செய்ய வேண்டியது திரும்பி நடப்பது மட்டும்.

அந்தக் கதையை வடிவு படித்ததில்லை. ஊரே மனப்பாடமாகச் சொல்லுகிறதை அவள் ஒருத்தி படித்ததில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அப்பா வீட்டுக்கு வந்து, எழுதியதையெல்லாம் நல்ல தாளில் படியெடுப்பார். கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் பார்த்துக்கோ என்பார். அவள் வெளியே உட்கார்ந்து காகத்தையும் மோர்க்காரியையும் விரட்டுவாள். ஊர்ப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டிக் காட்டி வீட்டுக்கு வரும்போது அவருக்குத் தொண்டை கட்டியிருக்கும், அவளுக்குச் சொல்ல ஒரு நாளும் குரல் மிஞ்சியதில்லை. இனி கேட்பதில்லை என்று அவள் அந்த வயதிலேயே முடிவு செய்தாள். பிறகு தானாகப் படிப்பதுமில்லை என்று ஆயிற்று.

"குடை கெடச்சிட்டுல்லா," என்றாள் முத்துப்பேச்சி உள்ளேயிருந்து, "இனி அது கெணத்தை விட்டு வெளிய வருமா ஆச்சி?"

"எனக்குத் தெரியாதுட்டி."

"பெரியவுகளுக்குமா தெரியாது?"

"எனக்கு யாரும் சொல்லல."

"அப்ப படிங்க. ரெண்டு பேரும் தெரிஞ்சிக்கிடுவோம்."

கூட்ஸ் வண்டி ஒன்று போயிற்று, தகரக் கூரை அதிர்ந்து அடங்கியது. அது போய் முடிகிறவரை வடிவு வண்டி போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றி, படிக்கத் தொடங்கினாள். முதலில் தந்தி படிப்பதுபோலப் படித்தாள். தவளை குடையை விரித்தது, கிணற்றுக்குள் அதுவரை விழாத ஒரு நிழல் விழுந்தது, அந்த நிழலில் ஒதுங்க ஒரு நண்டு வந்தது, நண்டு தன் ஒடிந்த காலைப் பற்றிப் பேச வெட்கப்பட்டு வேறு எதையெதையோ பேசியது. அந்த இடத்தில் வடிவின் குரல் அவளறியாமல் நண்டின் குரலாயிற்று, உள்ளே குழந்தை சிரித்தாள். வெயில் இறங்கியது. சிரிப்பு குறைந்து, ம் கொட்டுவது குறைந்து, ம் இல்லாமல் போயிற்று. முத்துப்பேச்சி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வடிவின் விரல் போயிற்று. போன விரலை எடுத்துக்கொண்டாள். மணிக்கட்டிலிருந்த மஞ்சள் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, விட்ட இடத்தில் அடையாளமாக வைத்து மூடி, கம்பி வழியாகக் கையை விட்டுப் புத்தகத்தைக் குழந்தையின் நெஞ்சின்மேல் வைத்தாள். அது மூச்சுக்கு ஏறி இறங்குகிறதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் கூட்டம் வழிவிட்டது. எதிர்வீட்டுக்காரி அவளுடைய வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள், பார்த்துவிட்டு முந்தானையால் காப்புக் கட்டிய தன் கையை மூடிக்கொண்டாள். உள்ளே உமையொருபாகம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் இல்லாத நிறம் முகத்தில் ஏறியிருந்தது. புண்ணின் வலி திரும்பிவிட்டது என்று அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த பிடியில் தெரிந்தது.

"விட்டுரச் சொன்னேனே, வடிவு."

"சொன்னிய."

"யாரு படிச்சது?"

"நான்தான்."

பார்வையில்லாத கண் அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. அவர் கோபப்படுவார் என்றும் அழுவார் என்றும் வாசலில் நின்றவர்கள் நினைத்தார்கள். அவர் கேட்டது வேறு.

"கடைசிவரைக்கும் கேட்டாங்களா?"

"ஒரு சின்னப் பிள்ளை. பாதியில தூங்கிட்டா. நண்டு வார எடத்துல."

"நண்டு வார எடமா," என்றார் அவர். மூச்சு வாங்கியது, வலித்தது, மறுபடி வாங்கினார். பிறகு, அந்த வீட்டில் அவள் காதால் கேட்டிராத ஒரு தணிந்த குரலில், "மிச்சத்த நான் சொல்லட்டுமா ஒனக்கு?" என்று கேட்டார்.

வடிவு அவர் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து, டாக்டர் தூக்கக் கூடாது என்ற உடம்பால் அவரைத் தூக்கிப் புண் படாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள்.

"வேண்டாம்ப்பா," என்றாள். "நாளைக்குப் போய் அவகூடச் சேந்து படிச்சிக்கிடுதேன்."